கெட்டிக்காரப் பிள்ளைக்கு அரசு என்ன தருகிறது? மதுரைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. தொகையும் வருமான வரம்பும் அவ்வப்போது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு அறிவிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் பிள்ளை மற்ற பிள்ளைகளை விட ரொம்பச் சூட்டிகை. இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண்டுபிடிக்க அரசு ஏதாவது சோதனை வைத்திருக்கிறதா?

சின்ன வயதில் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையை உட்கார வைத்து அறிவுத்திறன் பார்த்து, தனிப் பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடு தமிழ்நாட்டில் கிடையாது. அரசு திறமையைத் தேட ஆரம்பிப்பதே எட்டாம் வகுப்பில்தான். அதுவும் தேர்வு வழியாக. தேர்வுக்கு விண்ணப்பம் போனால்தான் உங்கள் பிள்ளை இருப்பதே அரசுக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "நல்லா படிச்சா தன்னால வரும்" என்று காத்திருந்து வருடத்தைத் தவறவிட்ட வீடுகள் நிறைய.

எட்டாம் வகுப்புக்கு முன்னால் கிடைப்பதெல்லாம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானவை: அங்கன்வாடி, காலை உணவு, மதிய உணவு, நூலகம். அவற்றைச் சாதாரணம் என்று தள்ளிவிட வேண்டாம்.

மூன்று வயதுக் குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பலாமா? அங்கே என்ன சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்?

அனுப்பலாம். பாட்டு, கதை, வண்ணம், எண்ணிக்கை, நாலு பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவது, இவ்வளவுதான் அந்த வயதுக்குப் பாடம். கூடவே மதியச் சாப்பாடு, வாரத்தில் 3 முட்டை, எடை பார்ப்பது. மூன்று வயதில் ஏ, பி, சி, டி எழுத வைப்பதைப் பெருமையாக நினைக்கிற பெற்றோருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் விரல் எலும்பும் தசையும் பலப்படும் முன்னே பென்சிலைத் திணிப்பதில் எந்தப் புத்திசாலித்தனமும் இல்லை.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்ற பெயர் இருந்தால்தான் மனசு கேட்கும் என்றால், 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் அந்த வகுப்புகளைத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

ஆர்.டி.இ. என்பது இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம். அதன்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருக்க வேண்டும். இடத்தை விட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குழந்தையின் திறமைக்கு இதில் வேலையே இல்லை, அதிர்ஷ்டம்தான். 2025-ல் மத்திய அரசு நிதி வராத பிரச்சினையில் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப் போனது. அதனால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

காலை உணவுத் திட்டத்துக்கும் படிப்புத் திறமைக்கும் என்ன சம்பந்தம்?

நேரான சம்பந்தம் உண்டு. அப்பா அம்மா இருவரும் விடிகாலையில் களை வெட்டவோ, நூறு நாள் வேலைக்கோ, கட்டட வேலைக்கோ கிளம்பிவிடும் வீட்டில், பிள்ளை வெறும் வயிற்றோடு அல்லது ஒரு டீயோடு வரும். முதல் இரண்டு பாடவேளையும் தலை தொங்கும். அந்தப் பிள்ளையைத்தான் ஆசிரியர் 'மந்தம்' என்று எழுதி வைப்பார். வயிறு நிறைந்த பிறகு அதே பிள்ளை வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பிக்கும்.

இந்தத் திட்டம் தொடங்கியது நம் மதுரையில்தான். 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதல்வர் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு, 2025-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. "எங்க வீட்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமா?" என்று கௌரவம் பார்த்துப் பிள்ளையை உட்கார விடாத பெற்றோரும் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், கூட்டாளிகளோடு சேர்ந்து சாப்பிடட்டும்.

என்.எம்.எம்.எஸ். என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம். 2008-ல் மத்திய அரசு தொடங்கியது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது தேர்வு. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடிய வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. நாடு முழுவதும் 1 லட்சம் பேருக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695.

யார் எழுதலாம்: அரசு, உள்ளாட்சி, அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு. தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும்.

தேர்வு இரண்டு பகுதி. மனத்திறன் தேர்வு 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவில் கணக்கு 20, அறிவியல் 35, சமூக அறிவியல் 35. தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. தகுதி பெற 40 சதவீதம் வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 32 சதவீதம். அதைத் தாண்டினால் மட்டும் பணம் வந்துவிடாது, தரவரிசையில் மேலே வர வேண்டும்.

எங்கள் பிள்ளை கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படிக்கிறாள். இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அதுவும் அரசுப் பள்ளிதான். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளி, அரசு நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினாலும் தொகை நின்றுவிடும். "பத்தாவது ரிசல்ட்டுக்காக" பள்ளி மாற்றும் முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

அதற்குக் கோச்சிங் சேர்க்க வேண்டுமா?

காசு கொடுத்து வேண்டாம். படிப்பறிவுப் பகுதி முழுக்க ஏழாம் வகுப்புப் புத்தகமும் எட்டாம் வகுப்பின் முதல் பாதியும்தான். மனத்திறன் பகுதிதான் புதிது: எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், ரத்த உறவு, திசை, சங்கேத எழுத்து. அந்த வகைக் கேள்வியை முதன்முதலாகத் தேர்வு அறையில் பார்க்கும் பிள்ளை மிரண்டுவிடும். முன்பே பத்துப் பதினைந்து பழைய வினாத்தாள் போட்டுப் பார்த்த பிள்ளை சர்வ சாதாரணமாகப் போட்டுவிடும். இரண்டு பேருக்கும் மூளை ஒன்றுதான். பழைய வினாத்தாள்களை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் எடுக்கலாம்.

ஒரு ஊரில் ஒரே பள்ளியிலிருந்து வருடா வருடம் பல பேர் தேர்வாகிறார்கள், பக்கத்து ஊரில் ஒருவர் கூட இல்லை என்றால், அந்த முதல் ஊரில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரும் ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்று அர்த்தம். திறமை ஊருக்கு ஊர் அப்படி ஏறி இறங்காது. உங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லையென்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கு பெற்றோர் சேர்ந்து கேளுங்கள். ஊரில் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பட்டதாரிப் பெண்ணிடம் கேட்டாலும் சந்தோஷமாகச் செய்வார். ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் ஆரம்பித்தால் போதும்.

தேர்வில் ஜெயித்துவிட்டான். ஒரு வருடம் ஆகியும் பணம் வரவில்லையே?

அடிக்கடி வரும் புகார் இது. காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், தேர்வு முடிவு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. முடிவுக்குப் பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாணவர் பெயரில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பள்ளி ஒப்புதல் தர வேண்டும், பிறகு மாவட்ட அளவில் ஒப்புதல். இதில் ஏதோ ஒரு படியில் கிடப்பில் போனால் யாரும் போன் போட்டுச் சொல்ல மாட்டார்கள். பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று நாமேதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இனிஷியல். தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. பள்ளிப் பதிவேட்டில் 'மு. கார்த்திகா', ஆதாரில் 'கார்த்திகா முருகன்', வங்கிப் புத்தகத்தில் 'கார்த்திகா எம்'. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். எட்டாம் வகுப்பு விண்ணப்பம் போகும் முன்பே ஆதாரில் உள்ளபடி பள்ளியின் எமிஸ் பதிவையும் (பள்ளிக்கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு) வங்கிக் கணக்கையும் ஒன்றாக்கி விடுங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்த வீடுகளில் இங்கேதான் சிக்கும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. பிள்ளை பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும், அதோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். அம்மா கணக்கு எண்ணைக் கொடுத்தால் செல்லாது. பத்து வயது முடிந்த பிள்ளைக்குத் தபால்காரர் மூலமே அஞ்சலக வங்கிக் கணக்கு திறக்கலாம், கைரேகை வைத்தால் போதும்.

அப்புறம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 55. இதில் யாரும் நடுவில் புகுந்து "கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்றால் நம்ப வேண்டாம். பணம் நேரே கணக்குக்குத்தான் வரும், இடையில் ஒருவர் தொட வழியே இல்லை.

ட்ரஸ்ட் தேர்வு யாருக்கு?

ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாநில அரசு நடத்துவது. கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்று வருவாய்த் துறைச் சான்று வேண்டும். மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 1,000 ரூபாய்.

நம் மாவட்டத்தில் குழப்பம் எங்கே என்றால், ஊர் பார்க்கக் கிராமமாக இருந்தாலும் எல்லை மாறியிருக்கும். திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகள். அங்குள்ள பள்ளிகளுக்கு இந்தத் தேர்வு இல்லை. சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு, பேரையூர், எழுமலை போன்ற பேரூராட்சிகளுக்கு உண்டு. பள்ளி இருக்கும் இடம்தான் கணக்கு.

வருடம் ஆயிரம் என்பது இன்றைய விலைவாசிக்கு நோட்டு, பேனாவுக்கே சரியாய்ப் போகும். தொகையை உயர்த்தச் சொல்லி எல்லோரும் கேட்க வேண்டிய தேர்வு இது. ஆனாலும் எழுத வையுங்கள். என்.எம்.எம்.எஸ். கைநழுவிய பிள்ளைக்கு 'நானும் ஜெயிப்பேன்' என்று காட்ட அடுத்த வருடமே வரும் வாய்ப்பு.

பதினொன்றாம் வகுப்பில் என்ன இருக்கிறது?

தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 2022-ல் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் பாடம், 100 கேள்வி. தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு. பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு, மீதிப் பாதியில் எல்லாப் பள்ளியும் போட்டி போடலாம், சி.பி.எஸ்.இ. உட்பட. அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைகள் 'தமிழ்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். பத்தாவதில் தமிழை ஆசையாகப் படித்த பிள்ளைக்கு இது கைக்கெட்டிய கனி.

இன்னொன்று, முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். 2023-ல் பதினொன்றாம் வகுப்புக்காகத் தொடங்கினார்கள். எந்த வகுப்பு எழுதலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்க்கவும். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து கேள்விகள். 500 ஆண், 500 பெண். வருடம் 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை. பட்டப்படிப்பு வரை கூடவே வருவதுதான் இதன் பலம்.

என்.டி.எஸ்.இ. எப்போது வரும்?

அது தேசிய அளவிலான திறமைத் தேடல் தேர்வு. 2021-க்குப் பிறகு அதை நடத்தவில்லை. அதற்கென்று பணம் கட்டச் சொல்லும் பயிற்சி மையங்களில் கொஞ்சம் நிதானியுங்கள்.

மாதிரிப் பள்ளிக்கு அனுப்பலாமா? விடுதியில் விட மனசில்லை.

மாவட்டத்துக்கு ஒன்று என்று அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, மதுரைக்கும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அங்கேயே தங்க வைத்து, செலவில்லாமல் படிக்க வைக்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., சட்டப் பல்கலைக்கழகம், வடிவமைப்புக் கல்லூரி என்று நம் ஊரில் பெயரே கேள்விப்படாத நுழைவுத் தேர்வுகளுக்கெல்லாம் அங்கே வழி காட்டுகிறார்கள். அந்த விவரம் கிடைப்பதே பெரிய விஷயம்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் படிக்க இடம் இல்லாத பிள்ளை, குடிகார அப்பா உள்ள பிள்ளை, பத்தாவதோடு கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள் என்ற நிலையில் உள்ள பெண் பிள்ளை, இவர்களைத் தயங்காமல் அனுப்புங்கள். வீடு அமைதியாக இருந்து, உள்ளூர்ப் பள்ளியில் நல்ல ஆசிரியரும் இருந்தால் அவசரமில்லை. பிள்ளையிடம் கேளுங்கள். நம் வீடுகளில் அது மட்டும் நடப்பதில்லை. ஊரின் நல்ல மாணவர்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் மிச்சப் பள்ளி என்னாகும் என்று ஆசிரியர்கள் சிலர் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதற்காக உங்கள் பிள்ளையின் வாய்ப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கில் புலி, மற்ற பாடத்தில் பூஜ்யம். இவனுக்கு என்ன வழி?

இந்த இடத்தில் நம் அமைப்பு பலவீனமானது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் தேர்வுகள் எல்லாப் பாடத்தையும் கூட்டித்தான் பார்க்கின்றன. ஆகவே, என்.எம்.எம்.எஸ். போன்றவற்றில் மனத்திறன் பகுதியை நம்பி, மற்றதில் தகுதி மதிப்பெண்ணையாவது எட்ட வைப்பதுதான் நடைமுறை வழி. பொருள் செய்து பார்க்கும் ஆர்வம் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் 'இன்ஸ்பயர் மானக்' விருதுக்குப் பள்ளி மூலம் யோசனை அனுப்பலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். மதிப்பெண் கேட்பதில்லை, யோசனையைத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கு ஐந்து யோசனை வரை அனுப்பலாம். அந்த ஐந்து இடத்தையும் நிரப்பாத பள்ளிகள் உண்டு, போய்க் கேளுங்கள்.

வகுப்பைத் தாண்டிச் சேர்க்க முடியுமா? டபுள் புரமோஷன்?

வயதுக்கேற்ற வகுப்பு என்பதுதான் இன்றைய முறை. முயற்சி செய்து அலைவதை விட, நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023 ஜூலை 15 அன்று திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மேல் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப் படிக்க யாரும் வயதுச் சான்று கேட்க மாட்டார்கள்.

படிப்பு சுமார்தான், ஆனால் பாட்டு, ஓவியம், ஓட்டம் என்றால் உயிர்.

பாட்டு, நடனம், ஓவியத்துக்கு ஜவகர் சிறுவர் மன்றம், 5 முதல் 16 வயது வரை. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. ஓட்டம், கபடி என்றால் ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். விளையாட்டு விடுதிக்கான தேர்வுப் போட்டிகள் கோடையை ஒட்டி நடக்கும். பள்ளியில் நடக்கும் கலைத் திருவிழாவில் பெயர் கொடுக்க வையுங்கள். பறையும் ஒயிலாட்டமும் மேடை ஏறும் இடம் அது.

பன்னிரண்டு முடித்த பிறகு?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றில் 2021 முதல். கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆர்.டி.இ.யில் எட்டு வரை தனியாரில் படித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் மருத்துவ ஒதுக்கீட்டில் வருவார்கள். ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற இடங்களில் சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் மாநில அரசு ஏற்கிறது. கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய்.

'ஆறு முதல்' என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளி என்று எடுக்கும் முடிவு, பன்னிரண்டுக்குப் பிறகான இந்தக் கதவுகளைத் திறந்தோ மூடியோ விடும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு 7.5 சதவீதம் கிடையாது. ஆனால் அங்கே தமிழ்வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் தொகைகள் உண்டு.

பள்ளியில் கேட்டால் சரியான பதில் இல்லை. யாரிடம் போவது?

முதலில் வட்டாரக் கல்வி அலுவலகம். அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்தால் பதில் வந்தாக வேண்டும். வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமானால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண். பேசும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.